வாடகை வீடும் வெயிற் கூரையும்

தொழில் நிமித்தம் தமிழகம் விட்டு வந்து டில்லியிலும் நாகபுரியிலும் ஆமதாபாத்திலும் குடியிருக்கும் நம்மவருள் பலர், வாடகை குறைவு என்னும் காரணத்தால் மேல்மாடியையே அமர்த்திக்கொள்கின்றனர். டில்லியில் ‘பர்சாத்தி’ என்று வழங்கும் மொட்டைமாடி அறையும் அத்தகையதே. பகல் முழுதும் வெயிலை உண்ட கான்கிரீட் தளம், இரவு முழுதும் அவ்வெப்பத்தை உமிழ்கிறது. குழந்தைகளும் முதியோரும் உறக்கமின்றி வாடுகின்றனர். இத்தகைய வீடுகளைக் குறைந்த செலவில், விரைவாக, ஆயிரக்கணக்கில் சீர்திருத்துவது எங்ஙனம்?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. எல்.இ.டி. விளக்கு ஒரு காலத்தில் எளியோர் வாங்கத்தக்கதாக இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். என்னும் நிறுவனம், பல மாநிலங்களின் தேவையை ஒன்றுதிரட்டி மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. மின்கட்டணத்துடன் சேர்த்துத் தவணையாகப் பணம் செலுத்தவும் இடமளிக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலை தாழ்ந்ததும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமே. எனினும், தனித்தனியே கேட்போர்க்குக் கிட்டாத விலை, கூடிக் கேட்டோர்க்குக் கிட்டியது என்பது மெய்.

விளக்கை அடுத்து விசிறியைக் கருதுவோம். பழைய கூரை விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ளும், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி 30 வாட் அளவில் சுழலும். நாளொன்றுக்குப் 12 மணி நேரம் ஓடினால் மாதத்தில் ஏறத்தாழ 16 யூனிட் மிஞ்சும். வீடு மாறும்போது இதனைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆகையால் குடக்கூலிக்கு இருப்பவரும் தயங்காமல் வாங்கலாம்.

கூரையின் செய்தி வேறு. அதை எவரும் எடுத்துச் செல்ல இயலாது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சுப் பூசினால் அறையின் வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையக்கூடும். ஆனால் பூச்சுக்குப் பணம் தரவேண்டியவர் வீட்டுக்காரர். குளிர்ச்சியும் மின்கட்டணக் குறைவும் குடியிருப்பவருக்கு. செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு என்னும் இம்முரண்பாட்டினாலேயே வேலை நின்றுபோகிறது. ஆமதாபாத் நகரம் 2017-இல் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சு அளிக்க முன்வந்தது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வகுத்து, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பை இலக்காகக் கொண்டது. இவை நன்முயற்சிகள். ஆயினும், அரசு ஆணை ஒவ்வொரு மாடிப்படியும் ஏறி வருவதற்குக் காலம் பிடிக்கும்.

ஒரே ஒரு கூரைக்குப் பூச்சுக்காரரை அழைத்தால், வந்துபோகும் கூலியே மிகுதியாகும். ஒரு தெருவில் நாற்பது கூரைகள் ஒன்றுசேர்ந்தால் பூச்சுப்பொருளைப் பீப்பாய்க் கணக்கில் வாங்கலாம். ஒரே குழு ஒரு கூரையில் விரிசலை அடைத்து, கழுவி, முதற்பூச்சு உலரும் வேளையில் அடுத்த கூரைக்குச் செல்லலாம். விலையும் குறையும், நாளும் குறையும். வீட்டுக்காரர் பாதி, குடியிருப்பவர் பாதி என்று பங்கிட்டு, தம் பங்கை வாடகையில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளும் உடன்பாட்டை எழுத்தில் செய்துகொண்டால் இருவருக்கும் நட்டமில்லை. வடநாட்டுப் புழுதி வெண்மையை மங்கச் செய்யுமாதலால், ஆண்டுதோறும் கழுவும் பொறுப்பையும் அவ்வுடன்பாட்டிலேயே குறித்துவிடுதல் நலம்.

நாற்பது பெயர்களைத் திரட்டுவது யார்? விழாக்களுக்கு நன்கொடை திரட்டும் தமிழ்ச் சங்கங்களும், குடியிருப்போர் சங்கங்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். கூரைக்கு மொழி வேற்றுமை இல்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபியரும் வங்காளியரும் சேர்ந்தால்தான் எண்ணிக்கையும் நிறையும். மாசி மாதத்தில் பட்டியல் எழுதத் தொடங்கினால், சித்திரை வெயிலுக்கு முன் தெரு முழுதும் வெண்கூரை காணலாம்.