மக்குன்னு பேர் வைக்கிறதுக்கு முன்னாடி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, தவணை, வங்கிக் கடன் எல்லாம் பேசி முடிச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையை எடுக்கற நேரத்துல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். "அவனுக்குப் படிப்பு ஏறல"ன்னு பேர் வாங்கின பிள்ளைகளைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன். உங்க குழுவிலேயே அப்படி ஒரு பிள்ளையோட அம்மா இருக்கலாம். அவங்க இன்னைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டாங்க. அது ஏன்னு பிறகு சொல்றேன்.

நம்ம தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் ஃபெயில் போட்டு நிறுத்துவதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். சின்ன வயசில் ஃபெயில் ஆன பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வர்றது கஷ்டம். ஆனா இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. ஒண்ணாம் வகுப்பில் எழுத்து பிடிபடாத பிள்ளை, சத்தமில்லாம ரெண்டு, மூணு, நாலுன்னு ஏறிப் போயிடுது. அம்மாவுக்கு, "பாஸ் ஆயிட்டான்ல" என்று நிம்மதி. அஞ்சாவது முடிஞ்சு வேற பள்ளிக்கூடத்துக்குப் போறப்பதான் விஷயம் வெளிய வருது. அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர். தினம் காலையில் பிள்ளைக்கு வயித்து வலி வரும். தீபாவளி லீவு முடிஞ்சு மத்த பிள்ளைங்க திரும்பிப் போகும், இது போகாது. ஆம்பளைப் பிள்ளைன்னா ஆடு மேய்க்க, பொம்பளைப் பிள்ளைன்னா தம்பி பாப்பாவைப் பார்த்துக்க வீட்டிலேயே நின்னுடும். அதனாலதான் முதல் மூணு வகுப்புக்குள்ளேயே இதைக் கவனிக்கணும்னு சொல்றேன்.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாங்க. "என் பிள்ளை எந்த நிலையில இருக்கு, போன வருஷம் எதில இருந்துச்சு?"ன்னு டீச்சரிடம் கேளுங்க. ரெண்டு வருஷமா அரும்பிலேயே இருந்தா, ஏன்னு பார்க்கணும். அடிச்சா சரியாயிடும், டியூஷன் வச்சா சரியாயிடும்னு உடனே முடிவு கட்டாதீங்க.

முதல்ல கண்ணு, காது. கண்ணாடி போட வேண்டிய பிள்ளைக்கு, தனக்கு மங்கலாத் தெரியுதுன்னே தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சுக்கும். போர்டைப் பார்க்காம பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும், டி.வி. கிட்டப் போய் நிக்கும். சுவத்துல மாட்டின காலண்டரைத் தள்ளி நின்னு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் அடுத்த கண்ணு. எழுத்து தெரியாத பிள்ளைன்னா படத்தைச் சொல்லட்டும். அதே வயசுப் பிள்ளை இன்னொண்ணுக்குத் தெரியறது இதுக்குத் தெரியலேன்னா கண் டாக்டரிடம் போகணும்.

காது இன்னும் ஏமாத்தும். சளி பிடிச்சு காதில் சீழ் வடியற பிள்ளைக்கு ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் சரியாக் கேட்காது. "மிட்டாய்னா கேட்குது, வேலை சொன்னா கேட்கலையா?"ன்னு அடி விழும். டி.வி.யை நிறுத்திட்டு, பின்னாடி நின்னு, சாதாரணக் குரலில் ரெண்டு மூணு தடவை கூப்பிட்டுப் பாருங்க. சீழ் வடியற காதில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊத்தவே கூடாது. பேச்சு வரலேன்னா "நாக்கு ஒட்டியிருக்கு, அறுத்துவிட்டா சரியாயிடும்" என்பாங்க. அதுக்கு முன்னாடி காதைச் சோதிக்கணும். காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? பிறவியிலேயே கேட்காத குழந்தையை ஆறு வயசுக்குள்ள கண்டுபிடிச்சா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பேச்சுப் பயிற்சிக்கு மாசக்கணக்கில் போகணும், அதையும் தெரிஞ்சுக்கங்க.

மூணாவது, கண்ணு காது ரெண்டும் நல்லா இருக்கும், புத்திசாலியாவும் இருக்கும், எழுத்து மட்டும் வராது. கடைக்கு அனுப்பினா சில்லறை சரியா வாங்கி வரும், கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லும். புத்தகத்தைக் கொடுத்தா முழிக்கும். இதைக் கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா என்கிறோம். தமிழ் எழுத்துல அந்தப் பிள்ளைக்கு என்ன சிரமம்னு யோசிச்சுப் பாருங்க. 'கே' என்று எழுத கொம்பை முன்னாடி போடறோம், ஆனா வாய் முதல்ல 'க்' என்கிறது, ஏ சத்தம் பின்னாடிதான் வருது. 'கோ'வுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ல, ள, ழ மூணும் காதுக்கு ஒண்ணு போலவே விழுது. நமக்குப் பழகிப்போச்சு. அந்தப் பிள்ளைக்கு இது தினமும் ஒரு விடுகதை.

"எனக்கே படிக்கத் தெரியாது, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"னு ஒரு அக்கா கேட்டாங்க. படிக்கத் தெரியாமலேயே கண்டுபிடிக்கலாம். பாடத்தைப் படிக்கச் சொல்லுங்க, கடகடன்னு சொல்லும். இப்ப படத்தைக் கையால மறைச்சுட்டு, நடுவில் ஒரு வரியில் விரலை வச்சு, "இங்கிருந்து படி"ன்னு சொல்லுங்க. மனப்பாடம் பண்ணின பிள்ளை திரும்ப முதல் வரிக்கு ஓடும். ஒரு வார்த்தையைக் காட்டி, "இதே மாதிரி வேற எங்க இருக்கு?"ன்னு கேளுங்க. உருவத்தைப் பார்த்து உங்களால கண்டுபிடிக்க முடியும், அதால முடியாது. இது வச்சு நோய்ன்னு முடிவு கட்ட முடியாது. ஆசிரியர்கிட்டப் பேச ஒரு ஆதாரம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, பேச்சுக்கு நடுவுல சில விநாடி அப்படியே வெறிச்சுப் பார்த்துட்டு, பிறகு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கிற பிள்ளைகள். கனவு காணுதுன்னு டீச்சர் நினைப்பாங்க. அதுவும் ஒருவகை வலிப்பா இருக்கலாம். மருந்து உண்டு. கை கால் இழுக்கற வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இரும்புச் சாவியும் வேணாம், வாயில் ஸ்பூனும் வேணாம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா 108-க்குக் கூப்பிடுங்க.

சரி, சந்தேகம் வந்தாச்சு, எங்கே போறது? வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவக் குழு பள்ளிக்கூடத்துக்கும், ரெண்டு தடவை அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கணும். அன்னைக்குப் பிள்ளையை லீவு போட விடாதீங்க. தலைமையாசிரியரிடம் சொன்னா வட்டார வள மையத்துக்குத் தகவல் போகும். அங்கே சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர் இருப்பாங்க. மருத்துவ மதிப்பீட்டு முகாமும் நடக்கும். அங்கிருந்துதான் தனித்துவ அடையாள அட்டைக்கு வழி. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது. 2016 சட்டத்தில் 21 வகை. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இதில் சேர்ந்தது. 40 சதவீதமும் அதுக்கு மேலும் பாதிப்பு இருக்கிற பிள்ளைக்கு 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமை. மத்த பிள்ளைகளுக்கு 14 வயசுதான்.

கற்றல் குறைபாட்டுக்குச் சான்று எட்டு வயசு ஆனபிறகுதான் கொடுக்கறாங்க. அதுவரை சும்மா இருக்கணும்னு அர்த்தமில்ல. உதவி செய்ய யாருக்கும் சர்டிபிகேட் தேவையில்ல. பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு இதுக்கெல்லாம் அது வேணும்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சர்டிபிகேட் வாங்கியாச்சுன்னா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். அது டிரங்குப் பெட்டிக்குள்ள துணிக்கடியில் போயிடுது. வகுப்பு டீச்சர் அதைப் பார்த்ததே இல்ல. பார்த்தாலும், 50 சதவீதம்னு போட்டிருக்கிறதை வச்சு அவங்க என்ன செய்வாங்க? அதனால ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுங்க, இல்ல எழுதச் சொல்லிக் கொடுங்க. இந்தப் பிள்ளைக்கு என்ன முடியும், என்ன முடியாது, எப்படிச் சொன்னா புரியுது. காது மந்தமான பிள்ளைன்னா, முன்வரிசையில் உட்கார வைங்க, போர்டைப் பார்த்துக்கிட்டே பேசாம முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. எழுத்து வராத பிள்ளைன்னா, எல்லார் முன்னாடியும் எழுப்பிப் படிக்கச் சொல்லாதீங்க, வாயால் பதில் கேளுங்க. மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைன்னா, ஒரு வேலையை நாலாப் பிரிச்சு ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க, புளியங்கொட்டையை வச்சு எண்ணட்டும். இப்படிக் குறிப்பாக் கேட்டா பெரும்பாலான டீச்சர்கள் செய்யறாங்க. "என் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க"ன்னு பொத்தாம்பொதுவாச் சொன்னா அவங்களும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

கழிப்பறையைப் பத்திச் சொல்லாம விட முடியாது. சாய்தளம் கட்டியிருப்பாங்க, கழிப்பறையில் பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி இருக்காது. கால் பலமில்லாத பெண் பிள்ளை ஒண்ணு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணியே குடிக்காம இருந்ததை நான் பார்த்திருக்கேன். அதே பள்ளியில் அவளோட அக்கா, நாலாம் வகுப்பு, பாடத்தை விட்டுட்டுத் தங்கச்சியைத் தூக்கிக்கிட்டுப் போவாள். அப்ப கெடறது ஒரு பிள்ளையோட படிப்பு மட்டுமில்ல.

இப்ப, முதல்ல சொல்லாம விட்ட விஷயம். அந்த அம்மா ஏன் கூட்டத்துக்கு வரல? பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வர்றது? மூணு கூட்டம் வரலேன்னா நாம அபராதம் போடறோம். அடுத்து, "சரியா வர்றதில்ல, கடன் கொடுத்தா கட்டுமா?"ன்னு பேச்சு. கடைசியில் பேரை எடுத்துடறோம். வட்டார வள மையத்துக்கு ஒரு நாள் போய்வர, நூறு நாள் வேலைக் கூலி போகுது, பஸ் காசு போகுது. யாருக்குக் குழு ரொம்பத் தேவையோ அவங்களைத்தான் வெளியே தள்ளறோம். இப்படிப்பட்ட உறுப்பினருக்கு அபராதம் இல்லைன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. முகாமுக்கு ஒருத்தர் துணைக்குப் போங்க. தனியாப் போனா, "நாளைக்கு வாம்மா". ரெண்டு பேர் போனா கொஞ்சம் மரியாதையாப் பேசறாங்க, இது நான் பார்த்தது. மந்திரிக்கவும் மூளை வளர்ச்சி டானிக் வாங்கவும் உள்கடன் கேட்டா, முதல்ல அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரச் சொல்லுங்க.

பள்ளி மேலாண்மைக் குழுவை மறந்துடாதீங்க. சட்டப்படி அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக் கம்பிக்குத் தீர்மானம் போட அதுதான் இடம். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எங்களில் ஒருத்தர் எத்தனையோ பள்ளிக்கூடம் ஓடறோம், வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிசு. உங்க பள்ளிக்கு எத்தனை நாள் வர்றாங்கன்னு கேட்டு, அதையும் தீர்மானத்தில் எழுதுங்க.

"சிறப்புப் பள்ளியில் சேர்க்கலாமா, இங்கேயே விடலாமா?"ன்னு கேட்டிருந்தீங்க. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதை நாமளே தேர்ந்தெடுக்கலாம்னு சட்டம் சொல்லுது. "இங்கே சேர்க்க முடியாது"ன்னு தலைமையாசிரியர் திருப்பி அனுப்ப முடியாது. எழவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே வந்து சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. என் அனுபவத்தில், சுத்தமாக் காது கேட்காத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிஞ்ச கூட்டாளிங்க வேணும், அதுக்குச் சிறப்புப் பள்ளி நல்லது. மத்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு, தெருப் பிள்ளைங்களோட சேர்ந்து போற நம்ம ஊர்ப் பள்ளிக்கூடமே போதும், டீச்சருக்கு அந்த நாலு வரித் தாள் போய்ச் சேர்ந்தா. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, எந்தப் பிள்ளை, எந்த வகுப்பு, அட்டை இருக்கா இல்லையான்னு எழுதி ஊக்குநரிடம் கொடுத்துடுங்க. ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளையோட ரெண்டு போட்டோவும் வச்சிருங்க. நானும் வர்றேன்.