ஒரே வீட்டின் இரு உழைப்பாளிகள்

(தில்லி லக்ஷ்மிபாய் நகரில், அரசுப் பெண் ஊழியர்களும் வீட்டுப் பணியாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அன்னிய ஆட்சியை எதிர்த்து வாளேந்திய ஜான்சி ராணியின் பெயரைத் தாங்கி நிற்பது இந்தக் குடியிருப்பு. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மத்திய அரசு ஊழியர் குடும்பத்தினர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் இங்கே உள்ளது. காலை வேளையில் இங்குள்ள பெண் ஊழியர் தமது அமைச்சகம் நோக்கிப் புறப்படுகிறார். அதே நேரத்தில் அவருடைய வீட்டைப் பெருக்கவும், பாத்திரம் துலக்கவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் இன்னொரு பெண் வந்து சேருகிறார். பணியிடத்தில் பெண்களின் சமத்துவம் குறித்த பேச்சில் முதலாமவர் இடம்பெறுகிறார். இரண்டாமவரின் பணியிடமோ பணியிடமாகவே எண்ணப்படுவதில்லை. இவ்விருவரின் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பதே இன்று பேசப்பட வேண்டிய செய்தி.

அரசுப் பணியில் பெண்கள் இன்று பெற்றிருக்கும் உரிமைகள் தாமாகக் கனிந்து விழுந்தவை அல்ல. 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, அன்றைய சென்னை மாநிலத்திற்கு ஒதுக்கப்பட்டவர் அன்னா ராஜம். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. அவருக்கு முன்பாக, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா. அந்தப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதியைப் பெறவேண்டும் என்றும், குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறு எனக் கருதப்பட்டால் அவர் பதவி விலக நேரிடும் என்றும் விதிகள் கூறின. ஆண் அதிகாரிக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை.

பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்சநீதிமன்றத்தை நாடினார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. ஆயினும் 1979இல் தீர்ப்பளித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர், அந்த விதிகளில் வெளிப்பட்ட ஆணாதிக்க மனநிலையைக் கடுமையாகக் கண்டித்தார். 1957இல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அவர் அமைச்சராக இருந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது.

ஆறாவது ஊதியக் குழுவைத் தொடர்ந்து, 2008இல் மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேற்று விடுப்பு 180 நாட்களாக உயர்ந்தது. குழந்தைப் பராமரிப்புக்கென 730 நாட்கள் விடுப்பும் கிடைத்தது. இவை காக்கப்பட வேண்டிய உரிமைகள். எனினும் ஒரு கேள்வி எழுகிறது: அதே அலுவலகத்தில் ஒப்பந்தத்தின் பேரில் தரை துடைக்கும் பெண்ணுக்கும், தட்டச்சு செய்யும் பெண்ணுக்கும் இவற்றில் எவ்வளவு கிடைக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தில்லித் தொழிலாளிப் பெண்களே ஒரு விடையைப் பெற்றுத் தந்துள்ளனர். தில்லி மாநகராட்சியில் தினக்கூலிப் பட்டியலில் இருந்த பெண்கள் பல ஆண்டுகள் சாலைப் பணி செய்தனர்; பள்ளம் தோண்டினர். நிரந்தர ஊழியருக்குக் கிடைத்த மகப்பேற்று விடுப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. தொழிற்சங்கம் பிரச்சனையை எழுப்பியது. தொழில் தீர்ப்பாயம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதை ஏற்க மறுத்த மாநகராட்சி உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று, சர்வதேச மகளிர் தினத்தன்றே, உச்சநீதிமன்றம் மாநகராட்சியின் வாதத்தை நிராகரித்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் தினக்கூலிப் பெண்களுக்கும் பொருந்தும் என்று அறிவித்தது. கருவுற்ற உடல் நிரந்தரப் பணி, தினக்கூலிப் பணி என்று வேறுபாடு அறியாது. இந்த எளிய உண்மையை நிலைநாட்டச் சங்கம் இத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது.

அந்தப் படிகளில் ஏறக்கூட வழியற்றவர் வீட்டுப் பணியாளர். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், மகப்பேற்றுப் பயன் தொழிற்சாலைகளையும் நிறுவனங்களையும், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளையும் சார்ந்தே அமைந்துள்ளது. ஒரு பெண் வேலை செய்யும் வீடு அதில் இடம்பெறவில்லை. வீட்டுப் பணியாளரின் கண்ணியமான வேலைக்கான 189ஆவது உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றியது. அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் உள்ளடக்குகிறது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் அவர் புகார் அளிக்கலாம். அப்படியொரு குழு இருப்பதை எத்தனை பேர் அறிவர்?

தில்லித் தமிழர் மறக்க முடியாத நிகழ்வு ஒன்று உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப், நீதிமன்ற ஆணையின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடியிருப்புகள் மண்ணாயின. பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்த தமிழ்ப் பெண்களில் பலர் சுற்றுப்புறக் காலனிகளில் வீட்டு வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர்கள். தகுதியுடையோர் என ஏற்கப்பட்டவர்களுக்கு மாற்று வீடு ஒதுக்கப்பட்டதோ தில்லியின் வடக்கெல்லையான நரேலாவில். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் அடுப்பு மூட்ட வேண்டிய பெண், நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவது? குடிசை போனால் வேலையும் போகிறது. நிரந்தர ஊழியர் இடமாற்றம் பெற்றால் அதற்கென ஒரு படி உண்டு. இவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு ஊதியம்கூட இல்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைக்கக் கூடாது. அலுவலகத்தில் உரிமை கேட்கும் பெண் ஊழியர், வீட்டில் ஊதியம் கொடுப்பவராக நிற்கிறார். தமக்கு 180 நாட்கள் வேண்டுமென்று போராடியவர், வீட்டுக்கு வருபவர் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் கூலியைப் பிடிக்கலாமா? இது தனிமனிதரின் இரக்கக் குறைவு பற்றிய பிரச்சனை மட்டுமன்று. வீட்டு வேலையும் குழந்தைப் பராமரிப்பும் பெண்களின் தலையிலேயே சுமத்தப்பட்டிருக்கும் வரை, ஒரு பெண்ணின் முன்னேற்றம் இன்னொரு பெண்ணின் மலிவான உழைப்பின் மீதே அமையும். வீட்டில் இருக்கும் ஆணின் கைகள் அதுவரை ஓய்வில் இருக்கும். பெண்களைச் சமூக உற்பத்திக்குள் கொண்டுவருவதே அவர்களுடைய விடுதலையின் முதல் நிபந்தனை என்று எங்கெல்ஸ் 1884இல் எழுதினார். குழந்தைகள் காப்பகங்களும் பொது உணவுக்கூடங்களும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை லெனின் 1919இல் வலியுறுத்தினார்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. வீட்டுப் பணியாளருக்கென மத்தியச் சட்டம் வேண்டும். 189ஆவது உடன்படிக்கை ஏற்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2007இல் அமைக்கப்பட்டது போன்ற நலவாரியம் தில்லியிலும் வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் என்பது 2017 முதல் சட்டம். அது ஏட்டளவில் நிற்காமல், ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தைக்கும் அங்கே தொட்டில் வேண்டும். அரசுக் குடியிருப்புகளில் அமையும் காப்பகங்கள் அங்கு வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளையும் ஏற்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. வாரம் ஒரு நாள் விடுமுறை, நோய்க்கும் மகப்பேற்றுக்கும் கூலியுடன் விடுப்பு, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு ஆகியவற்றை லக்ஷ்மிபாய் நகர்க் குடும்பங்கள் இந்த மாதமே தொடங்கலாம். ஊழியர் சங்கங்கள் தமது அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தப் பெண்களையும் வீட்டுப் பணியாளரையும் சேர்க்கட்டும். தினக்கூலிப் பெண்களைத் தனியே விடாத சங்கம்தான் அன்று வென்றது.