ஐந்து வோல்ட்டும் மூன்று புள்ளி மூன்றும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சந்திப்பு என்றால் விடுதிச் சாப்பாட்டையும் வார்டனையும் பற்றி நாலு வார்த்தை பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் நம் செயலாளர், "பசங்களுக்கு உருப்படியா ஏதாவது சொல்லுங்கண்ணே, பழைய கதையெல்லாம் மத்தியானத்துக்கு மேல பேசிக்குவோம்" என்று கட்டளை போட்டுவிட்டார். ஆகவே என் தொழிலில் உள்ள ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் லாஜிக் லெவல் ஷிஃப்டர். நான் அதை 'மட்டமாற்றி' என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு வேளை டிபன் செலவுக்குள் வாங்கிவிடலாம். அது இல்லாமல் போனால் ஒரு விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம் வரும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் மட்டம் என்றால் என்ன? இதை நம் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். கம்பம் பள்ளத்தாக்கில் தினசரி வாங்குகிற வீடுகளில் தேடிப் பார்க்கிற செய்தி முல்லைப் பெரியாறு நீர்மட்டம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் 104 அடி என்று ஒரு கணக்கு உண்டு. மட்டம் அதற்குக் கீழே போனால் ஏரியில் தண்ணீர் கிடக்கும். ஆனால் தேக்கடிச் சுரங்கம் வழியாக நம் பக்கம் வராது. மேலே 142 அடி என்று இன்னொரு கணக்கு. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு அது. அதற்கு மேல் தேக்கக் கூடாது. ஆக, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வி இல்லை. எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சிப்புக்கும் இதே கதைதான். ஒரு கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறது என்பதால் மட்டும் சிப் அதை '1' என்று எடுத்துக்கொள்ளாது. அதற்கென்று குறிப்பிட்ட அளவைத் தாண்ட வேண்டும். அது நம் 104. அதே போல் ஓர் அளவுக்கு மேல் கொடுத்தால் சிப் கெட்டுவிடும். அது நம் 142. '0' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு; அதற்குக் கீழே இருக்க வேண்டும். '0'-இன் எல்லைக்கும் '1'-இன் எல்லைக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. அதை இரண்டுங்கெட்டான் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கிற சிக்னலைச் சிப் ஒரு நேரம் 1 என்று படிக்கும், ஒரு நேரம் 0 என்று படிக்கும்.

இந்த அரங்கில் 8085 கிட்டில் கை பழகிய மூத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாமே 5 வோல்ட். பழைய டி.டி.எல். சிப்பில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0, 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1. அந்தக் காலத்திலும் மட்டமாற்றி இல்லாமல் இல்லை. கிட்டைக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் மாட்ட வேண்டுமானால், அங்கே 1 என்பது மைனஸ் வோல்ட், 0 என்பது பிளஸ் வோல்ட், 3 முதல் 15 வரை. நேராக இணைக்க முடியாது. முன்பெல்லாம் 1488, 1489 என்று இரண்டு சிப்பும், அதற்குப் பிளஸ் 12, மைனஸ் 12 என்று தனி சப்ளையும் வைப்போம். 1987-இல் மாக்ஸ்232 வந்தது. நாலு கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு ஒற்றை 5 வோல்ட்டிலிருந்தே பிளஸ் 10-ஐயும் மைனஸ் 10-ஐயும் அதுவே உண்டாக்கிக்கொண்டது. ஆக, இன்றைய தம்பிகளின் தலைவலி புதிய தலைவலி இல்லை.

புதிதாக வந்தது என்னவென்றால், ஒரே மேஜையில் இரண்டு குடும்பங்கள். 2005-இல் இத்தாலியில் தொடங்கிய ஆர்டுயினோவின் உனோ போர்டு 5 வோல்ட். 2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை, 2014-இல் வந்த இ.எஸ்.பி.8266 இரண்டும் 3.3 வோல்ட். ஏன் குறைத்தார்கள்? சிப்புக்குள் டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே போனது. மெல்லிய ஆக்சைடு படலம் 5 வோல்ட்டைத் தாங்காது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துத்தான் சூடும் பேட்டரிச் செலவும். 5-ஐ 3.3 ஆக்கினால் செலவு ஏறக்குறைய 44 சதவீதமாகக் குறைகிறது. காரணம் நியாயமானதுதான். ஆனால் சந்தையில் ரிலே போர்டும், எல்.சி.டி.யும், தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரும் பெரும்பாலும் இன்னும் 5 வோல்ட்டிலேயே நிற்கின்றன. சம்பந்தம் பேசித்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுக் கருவி செய்திருந்தார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பந்தலுக்கு நேரத்துக்குத் தண்ணீர் காட்ட ராத்திரி நேரத்தில் டார்ச் லைட்டோடு கிணற்றடிக்குப் போகிறவர்களையும் உங்களுக்குத் தெரியும். அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் பையன்கள் கருவி செய்தார்கள். நல்ல எண்ணம், நல்ல வேலை. இ.எஸ்.பி.8266 கட்டளை கொடுக்கும், 74ஹெச்.சி.595 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் அதை வாங்கி எட்டு ரிலேக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒன்று மோட்டார் ஸ்டார்ட்டருக்கு, மற்றவை வால்வுகளுக்கு.

கல்லூரி மேஜையில் ஒரு மாதம் ஓடியது. தோட்டத்தில் மூன்றாம் நாளே தோட்டக்காரர் போன் செய்துவிட்டார்: "தம்பி, உங்க மிசினு அது இஷ்டத்துக்குத் திறக்குது. வால்வு ஒண்ணும் திறக்காம மோட்டார் மட்டும் ஓடி பைப்பு ஜாயிண்ட்டு விட்டுப்போச்சு." பையன்கள் புரோகிராமை வரி வரியாக இரண்டு வாரம் பார்த்தார்கள். புரோகிராமில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் அந்தக் கம்பியில் இருந்தது. 74ஹெச்.சி. வகைச் சிப்புக்கு, கொடுக்கிற சப்ளையில் 70 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் 1 என்று உற்பத்தியாளர் உத்தரவாதம் தருகிறார். 5 வோல்ட் சப்ளைக்கு அது 3.5 வோல்ட். இ.எஸ்.பி. கொடுப்பதே அதிகபட்சம் 3.3. "அப்ப மேஜையில எப்படி சார் ஓடுச்சு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நிஜத்தில் இந்தச் சிப்புகள் பெரும்பாலும் சப்ளையின் பாதியில்தான் புரள்கின்றன. மேஜையில் யு.எஸ்.பி. கேபிளில் 4.8 வோல்ட் வந்தது, பாதி 2.4. சிக்னல் 3.3. நடுவில் 0.9 வோல்ட் மிச்சம். தோட்டத்து அடாப்டரில் 5.2 வந்தது, பாதி 2.6. சிக்னலோ 3.2. மிச்சம் 0.6. பக்கத்திலேயே மோட்டார் ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் இருக்கிறது. அது டக்கென்று இழுத்து விடும்போது கம்பியில் எழும் இரைச்சலுக்கு 0.6 வோல்ட் எம்மாத்திரம்?

இந்தச் சிப்பில் தகவல் வரிசையாக, கிளாக் துடிப்புக்கு ஒரு பிட் என்று உள்ளே போகிறது. ஒரே ஒரு துடிப்பைச் சிப் தவறவிட்டால் வரிசை முழுக்க ஓரிடம் தள்ளிப் போய்விடும். இரண்டாம் வால்வுக்குப் போக வேண்டியது மூன்றாவதுக்குப் போகும், வால்வுக்குரியது மோட்டாருக்குப் போகும். பஸ்ஸில் எல்லோரும் ஒரு சீட்டு தள்ளி உட்கார்ந்த மாதிரி.

பரிகாரம் என்ன தெரியுமா? அந்தச் சிப்பைக் கழற்றிவிட்டு அதே கால் அமைப்புள்ள 74ஹெச்.சி.டி.595-ஐச் சொருகியதுதான். அந்த 'டி' எழுத்துக்கு டி.டி.எல். என்று பொருள். 2 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே அதற்கு 1. நிஜத்தில் சுமார் 1.4-இல் புரளும். மிச்சம் 0.6-இலிருந்து 1.8 ஆக உயர்ந்தது. அதோடு கான்டாக்டர் காயிலுக்கு இரைச்சல் அடக்கியும் வைத்தார்கள். கருவி ஒழுங்காக ஓடியது. ஆனால் தோட்டக்காரர் தன் பழைய ஸ்டார்ட்டர் பட்டனை மறுபடி நம்பிக் கருவியை நம்ப ஒரு வருஷம் ஆனது. பைப்பை ஒட்டிவிடலாம், நம்பிக்கையை ஒட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ள நாலு வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 5-இலிருந்து 3.3-க்கு இறங்குவது. ஒரே திசையில் மெதுவாகப் போகிற சிக்னலுக்கு இரண்டு மின்தடைகள் போதும். தொடரில் 1.8 கிலோ ஓம், தரைக்கு 3.3 கிலோ ஓம். 5 வோல்ட் ஏறக்குறைய 3.2 ஆகிவிடும். கடையில் எளிதாகக் கிடைக்கும் மதிப்புகள் இவை. மிச்சம் பிடிக்கிறேன் என்று நூறு கிலோ ஓம் போட்டுவிடாதீர்கள். கம்பியின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து சிக்னலின் விளிம்பு மழுங்கிவிடும். வேகமாகப் போக வேண்டுமானால் 3.3 வோல்ட் சப்ளையில் ஓடும் 74ஹெச்.சி.4050 வையுங்கள். தன் சப்ளையைவிட அதிகமான உள்ளீட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டது அது.

இரண்டாவது, 3.3-இலிருந்து 5-க்கு ஏறுவது. 74ஹெச்.சி.டி.125 போன்ற எந்த ஹெச்.சி.டி. பஃபரும் சரி. 'டி' இருக்கிறதா என்று கடையிலேயே லென்ஸ் வைத்துப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, இரு திசையிலும் பேசுகிற ஐ-டூ-சி கம்பி. இதற்கு ஃபிலிப்ஸ் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட குறிப்பில் அழகான ஒரு வழி இருக்கிறது. கம்பிக்கு ஒரே ஒரு மாஸ்ஃபெட், இரண்டு மின்தடை. மாஸ்ஃபெட்டின் கேட் 3.3-இல்; சோர்ஸ் 3.3 பக்கக் கம்பியில். டிரெய்ன் 5 பக்கக் கம்பியில். இரு பக்கமும் அவரவர் சப்ளைக்கு ஒரு மேலிழுப்பு மின்தடை. யாரும் பேசாதபோது மாஸ்ஃபெட் மூடியிருக்கும். இரு பக்கமும் அவரவர் மட்டத்தில் நிற்கும். 3.3 பக்கம் கீழே இழுத்தால் மாஸ்ஃபெட் திறந்து 5 பக்கத்தையும் இழுக்கும். 5 பக்கம் இழுத்தால் உள்ளே இருக்கும் டயோடு வழியாகச் சோர்ஸ் இறங்கி, மாஸ்ஃபெட் தானாகத் திறக்கும். கடையில் விற்கும் நாலு வரிச் சின்னப் போர்டு இதுதான். அதில் பி.எஸ்.எஸ்.138 இருக்கும், அது அதிகபட்சம் 1.5 வோல்ட்டில் திறக்கத் தொடங்கிவிடும். கையில் இருக்கிறதே என்று 2என்7000 போடாதீர்கள். அதற்கு 3 வோல்ட் வரைகூடத் தேவைப்படலாம்; 3.3-இல் சில திறக்கும், சில திறக்காது.

நான்காவது, தூரம். மட்டமாற்றி ஒரு போர்டுக்குள், ஒரு பெட்டிக்குள் வைக்கிற சாமான். வீட்டிலிருந்து கிணற்றடி வரை கம்பி இழுக்க அது உதவாது. அதற்கு ஆர்.எஸ்.485 இருக்கிறது, முறுக்கிய இரட்டைக் கம்பியில் 1,200 மீட்டர் வரை போகும். அங்கேயும் 3.3 வோல்ட் போர்டுக்கு மாக்ஸ்485 அல்ல, மாக்ஸ்3485 வாங்குங்கள். மோட்டார் பக்கத்தை ஆப்டோகப்ளர் வைத்துப் பிரித்துவிடுங்கள். முதல் மூன்று வழியிலும் இரு பக்கத் தரையும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். தரை பொதுவாக இல்லாவிட்டால் மட்டம் என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை.

"அண்ணே, நான் நேராத்தான் குடுத்தேன், ரெண்டு வருஷமா ஓடுது" என்று இங்கே யாராவது சொல்லலாம். ஓடும், மறுக்கவில்லை. 3.3 வோல்ட் காலில் 5 வோல்ட் கொடுத்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு அதிகப்படியை 3.3 சப்ளைக்குள் வடித்துவிடும். சில நாள் தாங்கும், சில சிப் வருஷக்கணக்கில் தாங்கும். அது அந்தச் சிப்பின் பெருந்தன்மை. இன்னொருவர் தோட்டத்தில் வைக்கிற கருவியை அந்தப் பெருந்தன்மையை நம்பி வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் புராஜெக்ட்டில் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குப் போகிற ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அனுப்புகிறவர் 1 என்றால் குறைந்தது எவ்வளவு தருவார், 0 என்றால் அதிகபட்சம் எவ்வளவு, வாங்குகிறவர் 1-க்கு எவ்வளவு கேட்கிறார், 0-க்கு எவ்வளவு, எவ்வளவு வரை தாங்குவார். ஐந்து எண்கள். எல்லாம் டேட்டா ஷீட்டில் இருக்கின்றன. பத்துக் கம்பிக்கு அரை மணி நேரம் ஆகும்.

சங்கத்து நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு நன்கொடை கொடுக்கிறோம், நல்லது. அதோடு, இறுதியாண்டு புராஜெக்ட் வெளியே போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை நம்மில் இரண்டு பேர் ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பையன்களோடு சேர்ந்து பார்ப்போம். ஓர் ஆசிலோஸ்கோப்பும் ஒரு பழைய கான்டாக்டரும் போதும். கான்டாக்டரைப் பத்துத் தடவை தட்டிப் பார்த்த பிறகும் கருவி அசையாமல் நின்றால், தோட்டத்துக்கு அனுப்புவோம். முதல் சனிக்கிழமைக்கு நான் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் பெயர் செயலாளரிடம் வர வேண்டும்.