பழசை நிறுத்து விற்காதீர்கள்

(தாய்மார் சேமிப்புக் குழுக் கூட்டமொன்றில், கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த பழைய பொருள் வியாபாரக் குடும்பத்தினர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)

 

நாங்கள் மேடையேறிப் பேசிப் பழகியவர்கள் அல்ல. சந்தையில் விலை பேசித்தான் பழக்கம். எங்கள் தாத்தாவும் அப்பாயியும் இந்த மலைநாட்டு லயத்துக் காம்பராவிலே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஒரு பித்தளைக் குடம், இரண்டு பாய், ஒரு தகரப் பெட்டி, இவ்வளவோடுதான் வவுனியாவில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். பாரதிபுரம், கிருஷ்ணபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் என்று அங்கே போய்ப் பார்த்தால் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆகையால் எங்கள் பேச்சில் தோட்டப் பேச்சும் வன்னிப் பேச்சும் கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் வாங்கி, திருத்தி, போனில் படம் போட்டு விற்பதுதான் எங்கள் தொழில். இதிலே லாபம் உண்டா என்று காலையிலிருந்து பல பேர் கேட்டுவிட்டீர்கள். உண்டு. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்த லாபம் வேறு ஒருவர் பைக்குத்தான் போகும். அதைச் சொல்லத்தான் வந்தோம்.

முதலில் எங்கட வன்னிக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1990ஆம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியதும் வடக்கிலே பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து விளக்கு எரித்தார்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடல் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் கரண்டில் றேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்! அந்தக் காலத்திலே எதையும் எறிந்ததில்லை. ஒரு ஆணியைக்கூட நிமிர்த்தித் திரும்ப அடித்தோம். 1995 கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது தையல் மெஷின், பித்தளைச் சாமான், பழைய ரலி சைக்கிள் என்று கொண்டு வந்தார்கள். கையில் காசில்லாதபோது ஒவ்வொன்றாக விற்றார்கள். பழைய பொருளைப் பார்த்து இது என்ன, எந்த ஊரில் செய்தது, எது உடைந்திருக்கிறது என்று சொல்கிற பழக்கம் எங்களுக்கு அங்கேதான் வந்தது. படித்து வந்ததல்ல.

2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தார்கள். தெற்கிலிருந்து லொறிகள் வந்தன. எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். நல்ல மனுசர் மாதிரித்தான் பேசினார். அப்பாயியின் பித்தளைக் குடத்தைத் தூக்கிப் பார்த்து, தராசில் வைத்து, கிலோக் கணக்கில் காசு தந்தார். கைநிறையக் காசு என்றுதான் அன்று நினைத்தோம். அதோடு இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் தந்தார், அதுவும் ஒரு வருசத்தில் கால் உடைந்தது. பிறகு வியாபாரம் பழகியபோதுதான் விளங்கியது. கழுத்து வேலைப்பாடும் கையடி அடையாளமும் உள்ள பழைய குடத்தை யாரும் கிலோவுக்கு வாங்கிக் கிலோவுக்கு விற்பதில்லை. கிலோவுக்கு வாங்குவார்கள், குடமாக விற்பார்கள். இந்தத் தொழிலின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

பிறகு 2009. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல எங்களால் முடியாது. முள்ளிவாய்க்கால் வரைக்கும் போன சனம் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. சைக்கிள், ட்ரக்டர், பஸ், தையல் மெஷின் எல்லாம் வெளியிலும் மணலிலும் கிடந்தன. முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு பழைய இரும்புதான் பல வீட்டில் உலை வைத்தது. பிள்ளைகள்கூடப் பொறுக்கினார்கள். அப்படிப் பொறுக்கப் போய், வெடிக்காமல் கிடந்த குண்டை இரும்பென்று தட்டிக் கையும் கண்ணும் போனவர்கள் இருக்கிறார்கள், உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு ஒரு சட்டம்: மண்ணிலிருந்து கிண்டி எடுத்த எதையும் வாங்க மாட்டோம். எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் சரி.

இன்னொரு சட்டமும் உண்டு. அது எங்கள் பிழையால் வந்தது.

2011ஆம் ஆண்டு ஒரு கை மெஷினை, சிங்கர் தையல் மெஷின், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினோம். கொண்டு வந்தவர் இரும்புக் கடைக்குப் போகும் வழியில் எங்களிடம் காட்டினார். சிங்கர் கம்பனி 1877ஆம் ஆண்டே இலங்கைக்கு வந்துவிட்டது, ஆகையால் பழைய மெஷின்கள் இந்த நாட்டில் நிறைய உண்டு. அடியில் ஒரு இலக்கம் குத்தியிருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு எந்த ஆண்டு செய்தது, எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். துருவை மண்ணெண்ணெயால் கழுவி, எண்ணெய் விட்டு ஓட வைத்தோம். சில வருசம் எங்கள் வீட்டிலேயே ஓடியது. பிறகு படம் எடுத்துப் போனில் போட்டோம். கொழும்பிலிருந்து ஒருவர் பதினாலாயிரத்துக்கு வாங்கிப் போனார். சந்தோசப்பட்டோம். பிள்ளைக்குச் சப்பாத்தும் வாங்கினோம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு அம்மா வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண். பேத்தியின் போனில் எங்கள் படத்தைப் பார்த்திருக்கிறார். "தம்பி, அந்த மெஷினிட மரத்தட்டில ஒரு மூலை உடைஞ்சு தகரம் வைச்சு ஆணி அடிச்சிருக்கும். அடிச்சது என்ட மகன்" என்றார். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தோம். தகரம் இருந்தது. மூன்று ஆணி. மகன் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கொழும்புக்காரருக்குப் போன் எடுத்தோம். காசைத் திருப்பித் தருகிறோம், மேலே இரண்டாயிரமும் தருகிறோம் என்றோம். தன் வீட்டு முன் அறையில் அழகுக்கு வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு போன் எடுத்தால் பதில் இல்லை. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, காசு கொடுத்து வாங்கியவர். அந்த அம்மாவுக்கு லாபக் காசைக் கொடுத்தோம். வாங்க மறுத்து, மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து, வன்னிக்குள் வாங்கிய எந்தப் பொருளையும் ஒரு மாதம் கடை முன்னாலே வைப்போம். இலக்கத்தையும், உடைவையும், ஒட்டையும் எழுதித் தொங்கவிடுவோம். யாராவது "இது எங்கட" என்று அடையாளம் சொன்னால் வாங்கிய விலைக்கே கொடுப்போம். இதனால் வியாபாரம் மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு சைக்கிளும் ஒரு பெட்ரோமக்ஸ் லாம்பும் இப்படிச் சொந்தக்காரரிடம் போயிருக்கின்றன. மற்ற வியாபாரிகள் எங்களைப் பைத்தியம் என்கிறார்கள்.

சரி, இப்போது தொழிலுக்கு வருவோம். விற்பதற்கு என்ன செய்ய வேண்டும்?

படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். லயத்து வாசல் போதும். பின்னால் உடுப்புக் கொடி தெரியக்கூடாது, ஒரு வெள்ளைச் சீலையை விரியுங்கள். முன், பின், அடி, எழுத்து இருக்கிற இடம் எல்லாம் எடுங்கள். உடைந்த இடத்தையும் கட்டாயம் எடுங்கள். உடைவை மறைத்தால் வாங்குகிறவர் வந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போவார், பஸ் காசு கேட்பார். அளவை நாடா வைத்து அளந்து எழுதுங்கள்.

விலை வைப்பதுதான் கஷ்டம். இக்மன் மாதிரியான விளம்பரப் பக்கங்களிலும் முகநூல் சந்தையிலும் அதே மாதிரிப் பொருளைத் தேடிப் பாருங்கள். ஆனால் ஒன்று, அங்கே போட்டிருப்பது கேட்கிற விலை. விற்ற விலை அல்ல. ஐம்பதாயிரம் என்று போட்ட றேடியோ மாதக் கணக்காக அங்கேயே கிடக்கும். சீக்கிரமாக மறைந்துவிடுகிற விளம்பரத்தின் விலையைக் குறித்து வையுங்கள், பெரும்பாலும் அதுதான் சரியான விலை. காலமும் விலையை மாற்றும். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வாகனம் தங்கமாகியது. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது மூலையில் கிடந்த துருப்பிடித்த சைக்கிளுக்கும் ஆள் வந்தது. நாங்கள் அந்த வருசம் விற்ற மாதிரி சைக்கிள் எந்த வருசமும் விற்றதில்லை. நாட்டுக்குக் கஷ்டம், எங்களுக்கு வியாபாரம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

லாபக் கணக்கிலே வாங்கிய விலையை மட்டும் கழித்தால் போதாது. பஸ் கூலி, எண்ணெய், பாகம், பொதி கட்டுகிற பெட்டி, போன் டேட்டா, உங்கள் இரண்டு நாள் உழைப்பு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். முதல் வருசம் நாங்கள் எழுதவில்லை. லாபம் என்று நினைத்த பாதி, சும்மா ஓடிய ஓட்டம்தான்.

ஏமாற்றுக்காரர் வருவார்கள். "காசு போட்டுவிட்டேன், சிலிப்பைப் பாருங்கள்" என்று படம் அனுப்புவார்கள். சிலிப்பை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கில் காசு வந்ததா என்று பார்த்த பிறகுதான் பொருள் கைமாற வேண்டும். போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தைச் சொல்லச் சொன்னால் உடனே போனை வையுங்கள். ஆளை வீட்டுக்குக் கூப்பிடாமல் டவுனிலே, கடைத்தெருவிலே சந்தியுங்கள். தங்கச்சிமார் தனியாகப் போகாதீர்கள். வாங்குகிற பக்கத்திலும் கவனம் வேண்டும். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் சட்டப்படி குற்றம். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். புதையல் என்று யாராவது காதோடு சொன்னால் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிற தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வன்னியில் புதையல் தோண்டப் போய்ப் பொலிசில் மாட்டியவர்கள் பலர். போலிச் சாமானும் உண்டு. பித்தளைப் புனல் வைத்த பளபளக்கிற கிராமபோன் பலதும், பழைய பாகமும் புதிய பாகமும் சேர்த்து இந்தியாவில் பொருத்தியவை. நாங்களும் ஒன்று வாங்கி ஏமாந்து, இன்றைக்கும் அதில்தான் கோழி ஏறி உட்காருகிறது.

இனி உங்கள் காம்பராவுக்கு வருவோம். அட்டாலியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பித்தளைச் சொம்பு, வெற்றிலைத் தட்டம், செம்பு அண்டா, பழைய தராசு, கவ்வாத்துக் கத்தி, தேயிலைப் பெட்டியின் பலகை. பழைய போத்தல் வாங்குகிறவரிடம் இவற்றைக் கொடுக்குமுன் ஒரு நாள் பொறுங்கள். கோப்பிக் காலத்திலே கொழும்புக் கோப்பிக் கம்பனிகள் சில்லறைக் காசுக்குப் பதிலாகக் கொடுத்த வில்லைகளைச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களின் கழுத்திலே கட்டிவிட்ட தகர டிக்கட், அதில் தோட்டத்துக்கு உரிய இலக்கம் குத்தியிருக்கும், அதற்கும் தேடி வருகிறார்கள். இவற்றைப் புளி போட்டும் பிரசோ போட்டும் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பளபளக்கும், சேர்க்கிறவர் கண்ணில் விலை விழுந்துவிடும்.

காகிதத்தை மட்டும் விற்காதீர்கள். பழைய துண்டு, தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட், பிரஜாவுரிமைக் கடிதம், பிறப்புப் பதிவு, இவற்றுக்கும் காசு தருகிறேன் என்று ஆள் வரும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒரு கடிதம் இல்லாமல் நம்ம ஆட்கள் எத்தனை கந்தோர்ப் படி ஏறினார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வன்னிக்கு வந்த பிறகும் எங்கள் அப்பா அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஒவ்வொரு இடப்பெயர்விலும் வயிற்றோடு கட்டித்தான் ஓடினார்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றைக் காட்டினார். தகர டிக்கட்தான். அவருடைய மாமியாரின் தாயாருடையதாம். டவுனிலிருந்து ஒருவர் வந்து ஐயாயிரம் தருகிறேன் என்றாராம். கடைக் கணக்கு நாலாயிரத்து எண்ணூறு இருக்கிறதாம். கொடுக்கவா வேண்டாமா என்று எங்களைக் கேட்டார். நாங்கள் என்ன சொல்வது? எங்கள் அப்பாயியின் குடத்தை விற்றவர்கள் நாங்கள். கடைக்காரருக்குக் காசுதான் வேண்டும், தகரம் வேண்டாம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே அக்கா, இவ்வளவுதான் சொல்கிறோம். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள், யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று மாமியாரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்திலே பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள், முடிந்தால் அங்கே ஒருமுறை காட்டுங்கள். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவார் என்றீர்கள். வந்தால் ஐயாயிரத்துக்குத் தலையாட்டாமல், அவர் யாருக்கு விற்கப் போகிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் விலையை மட்டும் ஏற்றினால் எங்களுக்குப் போன் எடுங்கள். அதுவரை அதைப் புளி போட்டுக் கழுவாமல் வையுங்கள் அக்கா.