வாசலைத் தாண்டி வரட்டும்



2007 நவம்பரில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமானது. மாவட்டம் இரண்டானாலும் நம் ஊர்களின் கவலை ஒன்றுதான். சின்ன வெங்காயம் போடும் ஆலத்தூர் பக்கம் போனாலும், முந்திரி விளையும் ஆண்டிமடம் பக்கம் போனாலும், பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில். வீட்டில் அப்பாவும் அம்மாவும். பல வீடுகளில் அம்மா மட்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை இவர்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பக்கவாதத்தில் விழுந்தவருக்கு இயன்முறைச் சிகிச்சை, படுத்த படுக்கையானவருக்கு வலி தணிக்கும் பராமரிப்பு, எல்லாம் இலவசம். 2024இல் ஐ.நா. விருதும் பெற்ற திட்டம் இது. பிறகு ஏன் நம் முதியவர்களில் பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை?

முதல் காரணம், கூச்சம். "பெத்த புள்ளைங்க இருக்க, வெளியாளு வந்து பார்க்கணுமா? ஊரு என்ன பேசும்?" என்று கேட்கிறார் பாட்டி. மகனுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று தன் முழங்கால் வலியை மறைக்கிறார்.

இரண்டாவது, நேரம். திட்டத்தின் தன்னார்வலர் பெண் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. பாட்டி களையெடுக்கப் போயிருக்கிறார், இல்லையென்றால் நூறு நாள் வேலைக்கு.

மூன்றாவது, நம்பிக்கை. எழுத்துத் தெரியாதவர் மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள். பயந்துபோய் அட்டையைப் பிரிக்காமலே அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுகிறார். "மருந்து அதேதான் பாட்டி" என்று உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

இப்படி இலவசச் சேவையைத் தவறவிட்டால், மாற்று வழிக்குப் பணம் இல்லை. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. தனியார் ஹோம் நர்ஸ் வைத்தால் அது சில நாளுக்குக்கூடக் காணாது. ஆகவே அரசுச் சேவை விட்டுப்போன இடத்தில் ஏழை முதியவருக்கு வேறு கதி இல்லை.

நண்பர்களே, திட்டத்தை வாசல் வரை கொண்டுவருவது அரசின் கடமை. அதை வாசலைத் தாண்டி உள்ளே அழைப்பது நம் கடமை. வெளியூர்ப் பிள்ளைகளே, போன் செய்யும்போது "சாப்பிட்டீங்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள்; "இந்த மாச மாத்திரை வந்துச்சா, நர்ஸ் வந்தாங்களா" என்றும் கேளுங்கள். உதவிக்கு ஆளில்லாத முதியவருக்கு 14567 என்ற இலவச முதியோர் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் சாலைக்கும் தண்ணீருக்கும் கை தூக்குகிறோம். அதே சபையில் எழுந்து நின்று, "எங்கள் ஊராட்சியில் படுக்கையில் கிடக்கும் முதியவர் வீடுகளுக்கு இந்த ஆண்டு சுகாதார ஊழியர்கள் எத்தனை முறை வந்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் பதிவேட்டில் ஏறும்வரை உட்காராதீர்கள். முதுமைக்குக் கிடைக்கும் பராமரிப்பு யாரும் போடும் பிச்சையல்ல. உழைத்து ஓய்ந்தவர்களின் உரிமை.