வீட்டுக் கிடாயும் விளையாடும் குழந்தையும்

ஊரகக் குடும்பத்தின் வருவாயைக் கணக்கிடும்போது ஆட்டின் எடை, விலை, தீவனச் செலவு ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. அதே ஆட்டின் அருகில் விளையாடும் குழந்தையின் பாதுகாப்பு எந்தக் கணக்கிலும் சேருவதில்லை. செம்மறியாடு சாதுவானது என்ற எண்ணமே இதற்குக் காரணம். பெட்டைக்கு இது பெரும்பாலும் பொருந்தும். வளர்ந்த கிடாய்க்குப் பொருந்தாது.

இதைப் பேசுவதற்குப் பலமனேர் தக்க இடம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த இந்த மேட்டு நிலத்தில், ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் நெல்லூர் பழுப்புச் செம்மறிகளையும் புங்கனூர் மாடுகளையும் பேணி வருகிறது. நெல்லூர்ச் செம்மறி இந்திய இனங்களில் மிக உயரமானது. அதன் கிடாய்க்குக் கொம்பு உண்டு. வளர்ந்த கிடாய் ஏறத்தாழ 35 கிலோ இருக்கும். மூன்று வயதுக் குழந்தை சுமார் 13 கிலோ. கிடாய் தலையைத் தாழ்த்தும்போது அதன் நெற்றி குழந்தையின் வயிற்றுக்கும் மார்புக்கும் நேராக வருகிறது.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஆந்திராவில் சுமார் 1 கோடியே 76 லட்சம் செம்மறிகள் இருந்தன. 2020-இல் அம்மாநிலம் தொடங்கிய ஆடு வழங்கும் திட்டத்தில் 14 பெட்டைகளும் 1 கிடாயும் சேர்ந்தது ஒரு தொகுதி. அதாவது, தொகுதி பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிடாய் வந்தது. கிடாய் வரும் வீட்டில் குழந்தையும் இருக்கக்கூடும் என்பதைத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செல்லத்தின் விளைவு

முட்டும் கிடாயைப் பல வேளைகளில் வீட்டாரே உருவாக்குகின்றனர். தாயை இழந்த ஆண் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கின்றனர். குழந்தை அதன் நெற்றியைக் கையால் தள்ளி விளையாடுகிறது, குட்டி திருப்பி முட்டுகிறது, எல்லோரும் சிரிக்கின்றனர். மந்தையில் வளரும் கிடாய்க்கு மனிதரிடம் இயல்பாகவே உள்ள அச்சம் இந்தக் குட்டிக்கு இல்லாமற் போகிறது. பருவம் வந்ததும் மனிதரையும் தன் இனப் போட்டியாளராகவே அது கருதுகிறது. குட்டிப் பருவத்தில் கற்ற விளையாட்டை முழு வலிமையுடன் ஆடுகிறது. அதன் பார்வையில் அது குற்றமன்று.

இதில் ஒரு பொருளாதார முரண்பாடும் உண்டு. பக்ரீத்தையோ ஊர்த் திருவிழாவையோ எதிர்பார்த்துக் கிடாயை வாசலில் கட்டிக் கொழுக்க வைக்கின்றனர். அதன் விலை ஏறும் மாதங்களும் அபாயம் ஏறும் மாதங்களும் ஒன்றே.

அறிகுறிகளும் தடுப்பும்

கிடாய் தலையைத் தாழ்த்துவதும், உற்று நோக்குவதும், சில அடி பின்வாங்குவதும் பாய்ச்சலுக்கு முன்னோடி. குட்டி ஈன்ற பெட்டையும் காலைத் தரையில் உதைத்து எச்சரிக்கும். அப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டுக்கு முதுகு காட்டாமல் விலக வேண்டும். கிடாயின் தலையில் அடிப்பது அதைச் சண்டைக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

தடுப்பு முறைகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஆண் குட்டியின் நெற்றியைத் தள்ளுவதையும் தேய்ப்பதையும் முதல் நாளிலிருந்தே தவிர்க்க வேண்டும். இனவிருத்திக்கு வேண்டாத குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவரைக் கொண்டு உரிய வயதில் காயடித்துவிடலாம். கிடாயைத் தனிமையில் வைக்காமல் காயடித்த ஆடொன்றைத் துணைக்கு விட்டு, உறுதியான மூங்கில் படலுக்குள் அடைக்கலாம். கயிற்றில் கட்டினால், அது சுற்றும் வட்டத்துக்குள் குழந்தையின் நடைபாதை வரக்கூடாது. தீவனத்தைப் பெரியவர்களே தொட்டியில் இட வேண்டும். குழந்தையின் கையால் ஊட்டலாகாது. ஒருமுறை மனிதரை முட்டிய கிடாயைப் பண்டிகை விலைக்காக வீட்டில் வைத்திருப்பது இலாபமன்று. கிடாய்களை முட்டவிடத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முட்டுப்பட்ட குழந்தை வாந்தி எடுத்தாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ, மயங்கினாலோ, வலிப்புக் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வயிற்றில் பட்ட அடி வெளிக்காயமின்றி உள்ளே இரத்தப் பெருக்கை உண்டாக்கலாம். ஆகையால் காத்திருப்பது தகாது. தோல் கிழிந்திருந்தால் சோப்பு நீரால் கழுவி, தசைவிறைப்பு நோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இரு துறைகள், ஒரு வாசல்

ஆட்டைக் கவனிப்பது ஒரு துறை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கவனிக்க 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் மற்றொரு துறையைச் சார்ந்தது. இரண்டும் சென்று சேருவது ஒரே வீட்டு வாசலை. குட்டிக்குத் தடுப்பூசி போட வரும் கால்நடை ஊழியரும் குழந்தையை எடை பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளரும் இந்தச் சில செய்திகளைத் தாயிடம் எடுத்துச் சொல்வதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆடு குடும்பத்தின் சேமிப்பு. குழந்தை அதன் எதிர்காலம். ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு படல் போதும்.