ஐம்பத்தைந்தில் கைக்கு வரும் பணம்

(ஆலய மண்டபத்தில் மூத்தோர்க்கென நடைபெற்ற நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்துமலையின் 272 படிகளை ஒரே மூச்சில் ஏறிய காலம் நமக்கு இருந்தது. இன்று பாதியில் நின்று இளைப்பாறி ஏறுகின்றோம். படியில் வந்த இந்த நிதானம் சேமநிதிப் பணத்தில் நமக்கு வரவில்லையே என்பதுதான் என் கவலை.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களுக்கு 1951இல் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதியே ஓய்வூதியம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60 ஆயிற்று. ஆயினும் 55 வயதில் பணத்தை எடுக்கலாம் என்பதால், அந்தப் பிறந்தநாளுக்கு முன்பே வீட்டில் கணக்குப் போடத் தொடங்கிவிடுகின்றோம். மகளுக்குத் திருமணம், மகனுக்குக் காருக்கு முன்பணம், வீட்டுக்குப் புதிய கூரை!

அடியேனும் அவ்வாறே செய்தேன். மண்டபம், நகை, ஆயிரம் பேருக்கு விருந்து என்று ஓராண்டுக்குள் அத்தனையும் கரைந்தது. என் மகள் கேட்டதில்லை; ஊரார் மெச்ச வேண்டும் என்று நானே செய்தேன். இன்று மருந்துச் செலவுக்கு அவளிடமே கைநீட்டுகின்றேன். அவள் முகம் சுளித்ததில்லை, எனக்குத்தான் கூசுகின்றது.

கணக்கர் அல்லவா, ஒரு கணக்குச் சொல்கின்றேன். 55 வயதில் ஒருவரிடம் 80,000 வெள்ளி இருப்பதாகக் கொள்வோம். சேமநிதியில் 2023இல் ஈவு 5.50 விழுக்காடு, 2024இல் 6.30. ஆண்டுக்கு 5.50 கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 1,000 வெள்ளி எடுப்பவருக்கு எட்டாண்டுகள் கடந்த சிறிது காலத்தில் பணம் தீர்ந்துவிடும். மாதம் 360 வெள்ளி மட்டும் எடுப்பவருக்கோ முதல் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஈவு ஆண்டுதோறும் ஒன்றுபோல் இராது என்பதையும் மறக்கலாகாது. எடுக்காமல் விட்ட தொகைக்கு 100 வயது வரை ஈவு உண்டு. மாதந்தோறும் ஒரு தொகை பெறவும் ஏற்பாடு உண்டு. இதை அன்றே எனக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாகாதா!

ஆனால் அந்த 360 வெள்ளியின் மதிப்பு அப்படியே நிற்பதில்லை. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஒரே நாளில் ஏறியது. அப்போது உள்நாட்டு வெள்ளை அரிசி பத்துக் கிலோ 26 வெள்ளிதான், கடையில் கிடைத்தால்! நம் வீட்டுப் பெரியவர்களோ பொன்னி அரிசியை விட மாட்டார்கள். இரண்டையும் கலந்து உலை வைக்கும் தாய்மார்கள் இங்கேயே இருக்கின்றீர்கள். சிரிக்க வேண்டாம், நல்ல யோசனைதான்.

பிள்ளைகள் துணையின்றி, வருமானமுமின்றி இருக்கும் 60 வயது கடந்த ஏழை மூத்தோர்க்குச் சமூக நலத்துறை மாத உதவித்தொகை வழங்குகின்றது. 2025இல் அது 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. தகுதியுள்ள பலர் மனுச் செய்வதில்லை. "பிச்சை கேட்பதா?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். அந்தப் பாலில் வளர்ந்த நாடு தருவது எப்படிப் பிச்சையாகும் என்றேன். மறுவாரம் மனுவில் கைரேகை வைத்தார்.

ஐம்பத்தைந்தை நெருங்கும் தம்பிமார்களே, பணத்தை எடுப்பதற்கு முன் ஒருமுறை என்னுடன் அமர்ந்து பேசுங்கள். அன்னதானம் முடியும் வரை மண்டபத்தின் இடப்புறத் தூணருகே இருப்பேன். சேமநிதிக் கணக்கு அறிக்கையைக் கையோடு கொண்டு வாருங்கள். மூக்குக் கண்ணாடியையும் மறவாதீர்கள்.